மூன்று மில்லி மரியாதை

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், ஊத்துக்காட்டுப்பாளையத்தில், லேத் பட்டறைகளுக்கும் பவுண்டரிகளுக்கும் நடுவே வீல் அலைன்மென்ட் ஷெட் நடத்திவந்த மயிலாத்தாள், உள்ளே நுழைந்த தன் கொழுந்தன் திருமூர்த்தியைப் பார்த்து, "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள், கேட்ட மாத்திரத்தில் ஷெட்டின் நடுவே நின்றிருந்த பந்தயக் காரின் முன்பக்கம் மூன்று மில்லிமீட்டர் கீழே இறங்கியது. "ஆச்சுங்க நங்கையா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அவன் திருப்பிக் கேட்டான்; அந்தப் பக்கத்தில் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்; அவன் கேட்டு முடிப்பதற்குள் பின்பக்கமும் மூன்று மில்லி இறங்கியது. இருவரும் வண்டியைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, மயிலாத்தாள் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து அளக்க உட்கார்ந்தாள்.

அது கடையில் வாங்கிய வண்டி அல்ல. மயிலாத்தாளின் புருஷன் நாச்சிமுத்து, சாவதற்கு முந்தைய மூன்று வருஷங்களில், இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, பழைய சின்னக் கார் ஒன்றின் எஞ்சினைப் பின்னால் பூட்டி, ஒரே ஒரு ஆள் உட்காரும்படி தன் கையால் செய்தது. தன்னைப் போன்ற பட்டறைக்காரர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளக்கரடு டிராக்கில் பந்தயம் விடுவதற்காகச் செய்தது. ஓட்டுவது தம்பி திருமூர்த்தி, மட்டம் வைப்பது பெண்டாட்டி மயிலாத்தாள் என்று அவன் இருந்தபோதே ஏற்பாடு. மட்டம் வைப்பதென்றால், டயருக்குக் காற்றைச் சரிபார்த்து, பெட்ரோலை அளந்து ஊற்றி, ஓட்டுகிறவனின் எடைக்குச் சரியாக எழுபத்தோரு கிலோ மணல் மூட்டையைச் சீட்டில் உட்காரவைத்து, வண்டியை நாலு தரம் அமுக்கி ஆடவிட்டு, அது தானாக அடங்கி நிற்கும்போது அடித்தட்டு தரையிலிருந்து எத்தனை மில்லி இருக்கிறது என்று நான்கு மூலையிலும் அளந்து, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் திருகி ஏற்றுவதும் இறக்குவதும். தாழ்ந்த வண்டி வளைவில் தரையைக் கவ்விப் பிடிக்கும். ரொம்பத் தாழ்ந்துவிட்டால் ஸ்பிரிங் அமுங்குவதற்கு இடம் இருக்காது. அந்த இடத்துக்கு டிராவல் என்று பெயர். டிராவல் தீர்ந்த வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால் மெத்தென்று எழாது, பாறையில் எறிந்த கல்லைப் போலத் துள்ளும், அதற்கப்புறம் ஸ்டியரிங் யார் கையில் இருந்தாலும் ஒன்றுதான்.

அவள் காற்றைச் சோதித்தாள், குறையவில்லை. வளையங்களைச் சோதித்தாள், நழுவவில்லை. தரைக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்தாள், தரை போட்டபடியே இருந்தது. அறுபது மில்லிக்கு மறுபடியும் ஏற்றிவைத்தாள். மறுநாள் காலையில் ஐம்பத்தேழில் நின்றது. அவனும் அவளும் அன்றைக்கும் விசாரித்துக்கொண்டார்கள், ஐம்பத்து நாலுக்குப் போனது. ஆறு வருஷமாக அவர்கள் இப்படித்தான் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்கிறார்கள், அப்போதெல்லாம் இறங்காத வண்டி இப்போது ஏன் இறங்கியது என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பொறுமைக்கும் இவ்வளவுதான் என்று ஒரு டிராவல் இருக்கும்போலிருக்கிறது.

ஊருக்கு விஷயம் தெரிய இரண்டு நாள்கூட ஆகவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தவர்கள், மயிலாத்தாள் மனசுக்குள் திட்டுகிறாள், அந்தத் திட்டுக்குத்தான் வண்டி இறங்குகிறது என்று முடிவு கட்டினார்கள், அதைச் சோதித்துப் பார்த்துவிடுவதென்று காய்கறி மார்க்கெட்டிலிருந்து பூவாத்தாளைக் கூட்டிவந்தார்கள். பூவாத்தாள் வாயில் விழுந்தவர்கள் ஒரு வாரத்துக்குத் தலைநிமிர்ந்து நடக்க மாட்டார்கள் என்று பெயர் வாங்கியவள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டீக்கடைக்காரரை நிறுத்திவைத்து, அவர் பல்லில் ஆரம்பித்து, அவர் பால் வாங்கும் எருமைக்குப் போய், அவர் பாட்டனார் எந்தக் கிணற்றில் எதைத் திருடினார் என்பது வரைக்கும் முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் வைதாள். வண்டி ஒரு மயிரிழை அசையவில்லை. ஸ்கேலை மூன்று பேர் மாறி மாறி வைத்துப் பார்த்தார்கள். பூவாத்தாளுக்கு முகம் செத்துவிட்டது. அதற்கப்புறம் அவள் யாரை வைதாலும் அவர்கள் சிரித்துக்கொண்டே கத்தரிக்காயைப் பொறுக்கினார்கள், இந்த அம்மாவுக்கு நம் மேல் எவ்வளவு பிரியம் என்று நேராகவே சொன்னார்கள், பாவம் அவளுக்கு மார்க்கெட்டில் இருந்த மதிப்பே போய்விட்டது.

வண்டி எதற்கு இறங்கும் என்பதை வேடிக்கை பார்க்க வந்த சென்னியப்பனும் மாரப்பனும்தான் ஊருக்குக் காட்டிக்கொடுத்தார்கள், அதுவும் தெரியாமல். இருபத்திரண்டு வருஷம் ஒரே பவுண்டரியைக் கூட்டாக நடத்தியவர்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இன்னொருவர் பெயர் இல்லாமல் அச்சாகாது. மாரப்பன் முன்னால் நின்றார், சென்னியப்பன் பின்னால் வந்தார். "முன்னால வாங்க மச்சான், உங்களுக்குத் தெரியலைன்னா எப்படி?" என்று மாரப்பன் ஒதுங்கி வழிவிட்டார். "இருக்கட்டுங்க மாப்ள, நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரிதானுங்களே" என்றார் சென்னியப்பன். வண்டி ஒன்பது மில்லி இறங்கியது. ஷெட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள், வாயில் மரியாதையும் மனசில் விஷமும் சேர்ந்தால்தான் வண்டி இறங்கும் என்று அப்போது புரிந்தது. இரண்டு பேரும் வந்த காரில் ஒருவர் ஏறிப் போனார், மற்றவர் ஆட்டோவில் போனார், பத்து நாளில் பவுண்டரிக்குக் குறுக்கே சுவர் எழும்பியது. உலை ஒருவர் பக்கம், மோல்டிங் மண் இன்னொருவர் பக்கம், அதனால் இருவரும் ஒரு சாமான்கூட வார்க்க முடியாமல் ஆளுக்கொரு நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கப்புறம் ஊர் வேறு வேலை பார்க்கவில்லை. கல்யாணத் தரகர்கள் இரண்டு வீட்டுக்காரர்களையும் ஷெட்டுக்குக் கூட்டிவந்து, ஒருவரை முன்னாலும் ஒருவரைப் பின்னாலும் நிறுத்தி, "வாங்க சம்பந்தி" சொல்லச் சொன்னார்கள். அந்த ஆவணியில் மட்டும் பதினொரு நிச்சயதார்த்தம் நின்றது. கோவில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள், வந்த வேகத்தில் கமிட்டியைக் கலைத்தார்கள். ஒருவன் தன் அம்மாவைக் கூட்டிவந்தான். அவனைத் தடுக்க எல்லோரும் பார்த்தார்கள், கேட்கவில்லை, அப்புறம் ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தான். வந்தவர்கள் போன பிறகு வண்டி பழைய இடத்துக்கு ஏறிக்கொள்ளும். மயிலாத்தாளும் திருமூர்த்தியும் இறக்கியது மட்டும் ஏறாது, ஏனென்றால் அவர்கள் எங்கேயும் போகவில்லை, தினமும் அதே ஷெட்டில் அதே வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நின்றார்கள்.

ஊர் ஒரு தப்பு செய்தது, அந்தப் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பால் குடிக்கும் பிள்ளையைக்கூட "வாங்க சாமி, தூங்குங்க சாமி" என்று கொஞ்சும் ஊர் அது. நாய்க்குக்கூடப் பாதி மரியாதையோடுதான் சோறு வைப்பார்கள். அவர்கள் எல்லோருமாகக் கூடிப் பேசி, விஷம் மனசில் இல்லை, "ங்க"வில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஒரே மாதத்தில் ஊரிலிருந்து "ங்க" ஒழிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் "வா டீச்சர்" என்றார்கள், டீச்சருக்குக் கண் கலங்கியது. மாமனார் வாசலில் நின்று மருமகனை "வாடா" என்று கூப்பிட, மருமகன் அவர் காலைத் தொட்டான். பஸ் கண்டக்டர் தாசில்தாரை "எறங்கு" என்று சொன்னான், தாசில்தார் வெளியூர்க்காரர், அவருக்கு விளக்கிச் சொல்ல நாலு பேர் போக வேண்டியிருந்தது. பேங்குக்கு மாற்றலாகி வந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர் முதல் நாளே கவுண்டரில் நின்ற பெரியவரைப் பார்த்து "உட்காருங்க" என்று சொல்லிவிட்டார்; மூன்று பேர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள், நாங்கள் உனக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று கேட்டார்கள். தெருச்சண்டையில் கையை ஓங்குவது நின்றுபோனது. "என்னை வாயத் தொறக்க வெக்காத, ங்க போட்டுருவேன்" என்பதுதான் கடைசி மிரட்டலாக இருந்தது. அதற்கு மேல் போனவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

ஷெட்டுக்குள் மட்டும் "ங்க" குறையவில்லை. அறுபதில் இருந்த வண்டி நாற்பத்திரண்டுக்கு வந்து நின்றது, அதற்குக் கீழே போகவில்லை. நாற்பது மில்லி மரக்கட்டையை அடியில் தள்ளிப் பார்த்து, கட்டை போனால்தான் பந்தயத்துக்கு விடுவார்கள், ஆகவே அது சட்டத்துக்கு உட்பட்ட வெறுப்பாகத்தான் இருந்தது. முன்பக்கம் அவளுடையது, பின்பக்கம் அவனுடையது, இரண்டும் மில்லி பிசகாமல் ஒன்றாக இறங்கியதால் வண்டி தண்ணீரில் வைத்த பலகை மாதிரி சமமாக நின்றது. எந்த மெக்கானிக் வைத்தாலும் அப்படி ஒரு மட்டம் அமையாது. வெள்ளக்கரடு டிராக்கில் அந்த வருஷம் அதுவரை நடந்த ஆறு பந்தயத்தில் திருமூர்த்தி ஐந்தில் ஜெயித்தான். ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு பேரும் ராசியாகிவிடக் கூடாதே என்று ஊர் பயந்தது; அவள் சொன்னாள் என்று அவனிடமும் அவன் சொன்னான் என்று அவளிடமும் இல்லாததைக் கொண்டுபோய்ச் சொல்ல, தினமும் யாராவது ஒருவர் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். பேச்சு கொஞ்சம் சாதாரணமாகப் போனால், டீக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து நாச்சிமுத்து செத்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார். அது போதும், சாயங்காலம் வரைக்கும் தாங்கும்.

நாச்சிமுத்து செத்த நாளை எல்லோரும் அறிவார்கள். திருமூர்த்தி விடியற்காலையிலேயே வீட்டில் இருந்த ஒரே வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு டிராக்குக்குப் போய்விட்டான். பத்து மணிக்கு நாச்சிமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். மயிலாத்தாள் கொழுந்தனுக்கு நாற்பத்தொரு தடவை போன் செய்தாள். போன் வேனுக்குள் கிடந்தது. யார் யார் வண்டியையோ நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. சாயங்காலம் கையில் கோப்பையோடு ஓடிவந்த திருமூர்த்தியைப் பார்த்து, ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவில், மயிலாத்தாள் எழுந்து நின்று, "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அதுதான் முதல் "ங்க." தாயில்லாமல் வளர்ந்தவனை அவள் வாழ வந்த நாளிலிருந்து "டேய் மூர்த்தி" என்று கூப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, தட்டில் அடித்துச் சோறு தின்ன வைத்தவள். அவன் அவளை "நீ" என்றே சொல்லிக்கொண்டிருந்தவன். அன்றிலிருந்து அவனும் "நீங்க" என்று சொல்ல ஆரம்பித்தான். அவளுடைய புருஷன் செய்த வண்டி கேவலமாக ஓடக் கூடாது என்பதற்காக அவள் மட்டம் வைத்தாள், அண்ணன் செய்த வண்டி என்பதற்காக அவன் ஓட்டினான், அதைத் தவிர இருவருக்கும் நடுவில் ஒன்றும் பாக்கி இல்லை என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

கெடுத்தது தக்காளிச் சாதம். கடைசிப் பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம், திருமூர்த்தி ஷெட் வாசலில் உட்கார்ந்து ஹோட்டல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாற்பதைத் தொடப்போகிற ஆள், பிடரியில் பாதி நரை, சாதத்தில் கிடந்த கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலையின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். கடுகைத் தின்றால் என்னடா என்று எத்தனை நாள் முதுகில் போட்டிருப்பாள். மயிலாத்தாள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை, இவனுக்கு யார் ஒழுங்காகச் சோறு போடுகிறார்கள் என்று மட்டும் தோன்றியது. பின்னால் லேசாக ஒரு முனகல் கேட்டது. திரும்பினாள். வண்டியின் மூக்கு நாலு மில்லி உயர்ந்திருந்தது.

முன்பக்கம் நாலு, மறுநாள் ஆறு, அந்த வாரக் கடைசியில் பதினொன்று என்று ஏறிக்கொண்டே போனது. பின்பக்கம் நாற்பத்திரண்டில் அப்படியே உட்கார்ந்திருந்தது. மூக்கு தூக்கி, பிட்டம் தாழ்ந்து நிற்கும் வண்டிக்கு முன்சக்கரத்தில் பாரம் இருக்காது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் அது கேட்காமல் நேராகப் போகும். பின்னால் பாரமெல்லாம் சேர்ந்து, இருக்கிற கொஞ்ச டிராவலையும் ஒரே பள்ளத்தில் தின்றுவிடும். அவள் வளையத்தைத் திருகி முன்பக்கத்தை இறக்கினாள், காலையில் ஏறி நின்றது. பின்பக்கத்தை ஏற்றினாள், காலையில் இறங்கி நின்றது. டீக்கடைக்காரரை அவளே கூப்பிட்டு, அந்த நாளைப் பற்றிப் பேசச் சொன்னாள். அவர் மகா உற்சாகமாகப் பேசினார். மூக்கு இன்னும் ஒரு மில்லி உயர்ந்தது. வெறுப்பு வேண்டும் என்று தேடும்போதுதான் அது இல்லை என்று தெரிந்தது, ஆறு வருஷம் பத்திரமாக வைத்திருந்ததை யாரோ எடுத்துப் போனதுபோல இருந்தது.

பயிற்சி ஓட்டத்தில், மூன்றாம் வளைவுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில், அவள் பயந்ததுதான் நடந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கி, பின்னால் தடாலென்று அடிபட்டு, துள்ளி, திரும்பாமல் நேராகப் போய் டயர் சுவரில் மோதி நின்றது. திருமூர்த்தி விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஷாக் அப்சார்பரின் தண்டில், எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க அவள் மாட்டிவைத்திருந்த ரப்பர் வளையம், பின்பக்கம் இரண்டிலும் கடைசி வரைக்கும் தள்ளப்பட்டுக் கிடந்தது. அதற்கு மேல் ஒரு மில்லிகூட இல்லை. பந்தயத்தில் இதைவிட வேகமாகப் போவான், அந்த இடத்தில் சுவருக்கு டயர் போதாது.

அவனுக்கும் புரிந்துவிட்டது. முட்டாள் இல்லை, மட்டம் யார் பக்கம் மாறியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துகொண்டான், ஆனால் அதில் அவன் சந்தோஷப்படவில்லை. ஆறு வருஷம் கழித்து உங்களுக்கு மனசு ஆறினால் எனக்கும் ஆறிவிட வேண்டுமா என்று கேட்டான். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அவனை அறைந்திருந்தால், செருப்பால் அடித்திருந்தால், காலில் விழுந்து அழுதிருப்பேன் என்றான். "சோறு போட்ட வாயால என்னை ஒறம்பரையாக்கிட்டீங்க. ஊட்டுக்கு வந்த விருந்தாளியக் கேக்கற மாதிரி கேட்டீங்க. அத என்னால மறக்க முடியாதுங்க" என்று அவன் சொன்னபோது பின்பக்கம் ஒரு மில்லி இறங்கியது. கடைசிப் பந்தயத்தை விடமாட்டேன், வருஷக் கோப்பையில் அண்ணன் பேரைப் பொறிக்கப்போகிறார்கள், எப்படியும் ஓட்டுவேன் என்றான். போகும்போது திரும்பி நின்று, கொஞ்சம் கெஞ்சுகிற குரலில், "ஞாயித்துக்கிழமை வரைக்கும் மட்டும் என்னை வெறுத்துக்கங்க" என்று கேட்டான். மயிலாத்தாள் முயன்று பார்க்கிறேன் என்று சொன்னாள்.

அவள் முயன்றாள். புருஷனின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து முயன்றாள், நாற்பத்தொரு தடவையையும் ஒவ்வொன்றாக மனசுக்குள் எண்ணி முயன்றாள். ஒவ்வொரு முறையும் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் வேறொன்று வந்து நின்றது, ஊரில் ஒருவருக்கும் தெரியாத ஒன்று, தனக்கே தெரியாதபடி அவள் மூடிவைத்திருந்த ஒன்று; அதைப் பார்க்காமலிருக்கத்தான் இத்தனை வருஷமும் இவனை வெறுத்தோமா என்று தோன்றியதும் அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் இரண்டு லாரியில் டிராக்குக்கு வந்து இறங்கியது. காலை வெயிலிலேயே தகரக் கூரை கொதித்தது. வண்டியைச் சரிபார்க்கும் அதிகாரிகள் நாற்பது மில்லி கட்டையோடு முதல் கொட்டகையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள், இவர்களுடையது ஒன்பதாவது. ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்கும்போதுதான் அளப்பார்கள் என்பதால் திருமூர்த்தி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட் பூட்டி, வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். மயிலாத்தாள் முன்னால் குத்தவைத்து அளந்தாள். முன்பக்கம் ஐம்பத்தெட்டு. பின்பக்கம் நாற்பத்தொன்று. கட்டை போகும். விட்டுவிடுவார்கள்.

அவள் கணக்காகத்தான் யோசித்தாள். ஒரு பைப்பை அறுத்துவிட்டால் பக்கத்துக் கொட்டகையில் வாங்கி மாட்டுவான். டயரைக் கிழித்தால் வேறு டயர் போடுவான். போகாதே என்றால் போவான். இந்த வண்டியை நிறுத்த அவளிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. தன் பக்கத்தை இறக்க அவளால் முடியாது, அவன் பக்கத்தை ஏற்றவும் முடியாது, ஆனால் அவன் பக்கத்தை இன்னும் இறக்க முடியும். தரை வரைக்கும் இறக்க முடியும். அதற்கு வேண்டியது அவளிடம்தான் இருந்தது, ஆறு வருஷமாக இருந்தது. சொல்லிவிட்டால் இவன் பிழைப்பான், அப்புறம் இந்த உலகத்தில் தன்னை யாரும் நங்கையா என்று கூப்பிட மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பயமாக இருந்தது. அதிகாரிகள் ஏழாவது கொட்டகைக்கு வந்திருந்தார்கள்.

"மூர்த்தி," என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். வண்டி அவ்வளவு தாழ்வு, அவளும் குத்தவைத்திருந்தாள், அதனால் இருவர் முகமும் நேருக்கு நேர் இருந்தன.

"அன்னைக்கு நீ கெளம்பறதுக்கு முன்னாலயே உங்கண்ணனுக்கு நெஞ்சு வலிச்சுது. வாயுப் புடிப்புன்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுத்தேன். நீ வேனை ஸ்டார்ட் பண்ணிட்டு, அண்ணன் எங்கேன்னு கேட்ட. தூங்கறாரு, நீ போன்னேன்."

வெளியே எஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்தன, ஒரு ஆள் ஒலிபெருக்கியில் யாருடைய பெயரையோ தப்பாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"மூணு வருஷம் அந்த வண்டியோட கெடந்தோம். அன்னைக்கு ஓடாம போயிருமோன்னு எனக்குப் பயம்," என்றாள். "உன்னை நாந்தான் அனுப்பிவெச்சேன். சொன்னா எல்லாருமாச் சேந்து என்னைக் கொன்னுருவீங்கன்னு, உன்மேல போட்டுட்டேன்."

அவன் மடியில் இருந்த ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்தான். அப்புறம், தண்ணீர் கேட்பதுபோன்ற மெல்லிய குரலில், அண்ணன் என்னைக் கூப்பிடச் சொன்னாரா என்று கேட்டான்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அதிகாரிகள் எட்டாவது கொட்டகையில் குனிந்துகொண்டிருந்தார்கள். "சொன்னாரு," என்றாள். "மூர்த்திய நிக்கச் சொல்லுன்னு ரெண்டு தடவ சொன்னாரு."

திருமூர்த்தியின் முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. அவன் தலையை ஆட்டினான். ஊரிலிருந்து வந்தவர்கள் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு எதுவும் காதில் விழவில்லை, கடைசியில் அவன் சொன்னது மட்டும்தான் தெளிவாகக் கேட்டது, அவ்வளவு பணிவாக ஒருவன் பேசி அவர்கள் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"சரிங்க நங்கையா," என்றான். "வெயில்ல நிக்காதீங்க."

வண்டியின் பின்பக்கம் மில்லி மில்லியாக இறங்கவில்லை. ஒரேயடியாக விழுந்தது. அடித்தட்டு சிமென்ட் தரையில் மோதிய சத்தத்தில் எட்டாவது கொட்டகையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதிகாரி வந்து கட்டையை வைத்தார், கட்டை போகவில்லை. காகிதத்தைத் தள்ளிப் பார்த்தார், அதுவும் போகவில்லை. இந்த வண்டி ஓடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்தாவது கொட்டகைக்குப் போனார். ஊர்க்காரர்கள் உள்ளே பாய்ந்து வந்தார்கள், பின்பக்கத்தைத் தூக்கப் பார்த்தார்கள், பதினாலு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியவில்லை. இருபது வருஷம் கழித்தும் அதை அங்கிருந்து யாராலும் நகர்த்த முடியவில்லை, கொட்டகையைத்தான் தள்ளிக் கட்டினார்கள்.

திருமூர்த்தி பெல்ட்டை அவிழ்த்தான். பதற்றமில்லாமல் ஒவ்வொரு கொக்கியாக அவிழ்த்தான், ஹெல்மெட்டைச் சீட்டில் வைத்தான், வெளியே வந்தான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டகையைத் தாண்டி, கம்பி வேலியை ஒட்டிய மண்பாதையில், பந்தய உடுப்போடு மெயின் ரோட்டுக்கு நடந்து போனான். டிராக்கில் பந்தயம் ஆரம்பிக்க, ஜனங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். மயிலாத்தாள் மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தபடி வெயிலில் நின்றாள். பஸ் வர நேரமானது. வந்தது. விலா வலித்தது போலிருக்கிறது, ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டு, மற்ற கையால் கம்பியைப் பிடித்து, கழுத்து முறியாமல், கை கால் ஒடியாமல், அவளை வெறுத்துக்கொண்டு, அவன் பஸ் ஏறினான்.